நட்ட காட்டை வளர்த்தெடுக்கவும் நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காடு வளர்ப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற நடவு மேற்பார்வையாளர்

பெறுநர்:
மாண்புமிகு வனத்துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: வருங்கால மரத் தேவைக்காக, காடு வளர்ப்புச் செலவை நீண்டகாலத் திட்டமாக வகுக்கக் கோருதல் தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நாற்றங்காலில் பை நிரப்பும் வேலையில் தொடங்கி, நடவு மேற்பார்வை வரை பார்த்தவன் நான். ஆண்டுதோறும் எத்தனை நாற்று நட்டோம் என்று கேட்பார்கள், எழுதிக் கொடுப்போம். ஐந்து ஆண்டு கழித்து அதில் எத்தனை நிற்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கூட நின்று நட்ட ஒரு கூறில், அதாவது காட்டின் ஒரு பகுதியில், இரண்டாம் ஆண்டே களையெடுப்புக்குப் பணம் வரவில்லை. கொடியும் புதரும் மூடி, பெரும்பாலான கன்றுகள் மடிந்துபோயின. பதிவேட்டில் நடவுக் கணக்கு மட்டும் மாறவே இல்லை. அப்படிப்பட்ட கணக்கை நம்பி வருங்கால வெட்டு அளவைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

முதிர்ந்த மரங்கள் வெட்டித் தீரும் காலத்துக்கும், புதிதாக நட்டவை அறுவைக்கு ஏற்ற பருமனுக்கு வரும் காலத்துக்கும் நடுவில் மரவரத்தில் ஒரு பள்ளம் விழும். மரங்களின் வயது வாரியான பரப்பளவு கையில் இருந்தால், அது எந்தப் பத்தாண்டில் விழும் என்பதை இப்போதே பார்த்துவிடலாம். இன்று நடும் நாற்று அதற்குள் தயாராகாது. அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடியவை இப்போது 10, 15, 20 வயதில் நெருக்கியடித்து நிற்கும் மரங்கள்தான்.

அவற்றில் வளைந்தது, மெலிந்தது, நோய்ப்பட்டது ஆகியவற்றை எடுத்து இடம் விட வேண்டும். இதைத்தான் கலைத்தல் என்கிறோம். இதனால் ஒரு ஏக்கரில் விளையும் மொத்தக் கன அளவு கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது அதிகரிக்காது. ஆனால் நூறு மெலிந்த கம்புகளுக்குப் போகும் வெளிச்சமும் நீரும் நாற்பது நல்ல மரங்களுக்குப் போகும். அவை சீக்கிரம் பருத்து அறுவைக்கு வரும். எடுத்த மரங்களும் கம்பமாகவோ காகிதம் செய்யும் கூழ்மரமாகவோ கொஞ்சம் வருமானம் தரும். பக்கக் கிளைகளையும் இளமையிலேயே கழித்துவிட வேண்டும். அப்போதுதான் அதன்பின் வளரும் கட்டையில் முடிச்சு இருக்காது. மரம் பருத்தபின் கழித்து அவ்வளவாகப் பயன் இல்லை. இந்த வேலைகளுக்கு உரிய பருவம் தப்பினால், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தப் பருவம் திரும்பாது.

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 40 ஆண்டு கழித்துப் பலன் தரும் செலவு ஏழு மடங்காகத் திரும்ப வேண்டும். 15 ஆண்டில் பலன் தரும் செலவு இரண்டு மடங்கானாலே போதும். அதற்காக நடவை விட்டுவிடச் சொல்லவில்லை. வெட்டிய இடத்தில் மறுபடி நடுவது வெட்டியவரின் கடமை. 1903லேயே சுவீடன் அதைச் சட்டமாக்கிவிட்டது. அந்தச் செலவு வெட்டு வருமானத்தில் இருந்தே வரட்டும். கூடுதலாகக் கிடைக்கும் முதலீட்டுப் பணம் முதலில் நல்ல மண்ணில் நிற்கும் இளங்காடுகளுக்குப் போகட்டும்.

நட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டதன் பலனைப் பிற நாடுகள் பார்த்துவிட்டன. நியூசிலாந்தில் 1920களிலும் 30களிலும் பெரும் பரப்பில் பைன் மரம் நட்டார்கள். கலைக்கப்படாமல் நெருங்கி நின்ற அந்தக் காடுகளில் 1940களின் பிற்பகுதியில் சைரெக்ஸ் என்ற மரக்குளவி புகுந்து ஏராளமான மரங்களைக் கொன்றது. பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நட்டு உருவாக்கிய செயற்கைக் காடு சுமார் ஒரு கோடி ஹெக்டேர். அதில் கலைக்காமல் விட்ட பகுதிகளில் மரங்கள் ஒல்லியாகி, தரையில் வெளிச்சம் விழாமல், மண் அரிக்கத் தொடங்கியது. கடைசியில் காடு பராமரிப்புக்கென்றே தனி வரி போட வேண்டியதாயிற்று. 2024 முதல் அங்கே குடியிருப்பு வரி கட்டும் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 1,000 யென் வசூலாகிறது.

ஆகவே, இளங்காடுகளை நேரில் அளந்து, வயது, மண் தரம், பிழைத்திருக்கும் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். அந்த அளவீட்டை வைத்து, எதுவும் செய்யாவிட்டால் வரும் மரவரத்தையும், கலைத்தால், உரமிட்டால், தேர்ந்த விதை நாற்று நட்டால் வருவதையும் நூறு ஆண்டுக்கு ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். அப்புறம் பணத்தைப் பிரிக்கலாம். நடவுக்கு அனுமதி தரும்போதே களையெடுப்புக்கும் முதல் கலைப்புக்கும் உரிய பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். ஆண்டு முடிந்தது என்று அது திரும்பிப் போகக் கூடாது. காட்டுக்கு மார்ச்சும் ஏப்ரலும் கிடையாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாளை கூடுதலாக விளையும் என்று காட்டி, இன்றே வெட்டு அளவை உயர்த்தும் யோசனை வரக்கூடும். அளவீட்டுக் கூறுகளில் அந்தக் கூடுதல் வளர்ச்சி கண்ணால் தெரியும் வரை அதை அனுமதிக்க வேண்டாம். தீயோ பூச்சியோ வந்து கணக்கு பொய்த்தால், வெட்டிய மரத்தைத் திரும்ப நிறுத்த முடியாது.

அடுத்த நிதி ஒதுக்கீட்டுக்கு முன்பே இந்த அளவீட்டைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய நடவுக் கூறுகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்ட அழைத்தால், நானும் என்னோடு வேலை செய்தவர்களும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்