புகார்க் குழுக்களின் வெளி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தோழியருக்கு, வணக்கம்.

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்களுக்குப் புகார் மனு எழுத உதவுவது சங்கத்தில் என் வேலை. பெண்கள் அமைப்புகளின் சார்பில் கம்பெனிகளின் உள்ளகப் புகார்க் குழுவில் உட்காரும் உங்களில் பலரை விசாரணை அறை வாசலில் பார்த்திருக்கிறேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த நாற்காலி நிர்வாகம் பெருந்தன்மையாகப் போட்டதல்ல. 1979இல், மதுரா என்ற பழங்குடிப் பெண் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடுத்த வழக்கில் காவலர்களை விடுவித்த தீர்ப்பைக் கண்டித்துச் சட்ட ஆசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்கு எழுதியதும் ஒரு திறந்த மடல்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருந்தியது. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்ட ஊழியர் பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வாங்கியதுதான், பணியிடங்களில் புகார்க் குழு வேண்டும் என்ற 1997இன் விசாகா தீர்ப்பு. மேலிடத்து அழுத்தம் குழுவுக்குள் நுழையாமலிருக்கவே வெளியாள் ஒருவர் வேண்டும் என்று காரணத்தோடு அதில் எழுதியிருக்கிறது. அது சட்டமாக இன்னும் 16 ஆண்டு ஆனது.

இத்தனைக்குப் பிறகு நடப்பது என்ன? ஒரு இடத்தில் சமரசக் கடிதத்தை நிர்வாகமே தட்டச்சு செய்து வைத்திருந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதற்கு மேலே வெளி உறுப்பினரின் கையெழுத்து, தேதியோடு. புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டுமே சமரசம், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்து இருக்கக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பெண் கேட்கவே இல்லை. இன்னொரு இடத்தில் "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று முதல் கேள்வி கேட்டவரே வெளி உறுப்பினர்தான். சட்டம் 3 மாதம் தருகிறது. தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். அந்த அவகாசம் எதற்காக என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

படி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. விதிகளில் இருப்பது நாளுக்கு 200 ரூபாய். கூடுதலாகத் தரும் கம்பெனிகளும் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் கூப்பிட வேண்டுமே என்ற கணக்கு மனதில் ஏறிவிட்டால்தான் வம்பு.

2017இல், பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியலை இளம்பெண்கள் சமூக வலைதளத்தில் வெளியிட்டபோது, முறையான விசாரணைக்குப் போகாமல் இதென்ன என்று மூத்த பெண்ணியவாதிகள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், பெயர் தெரியாதவர் சொல்லும் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வழியில்லை. ஆனால் அந்த விசாரணை அறைக்குள் போய் வந்தவர்கள்தான் அதன்மேல் நம்பிக்கை இழந்திருந்தார்கள். அந்தச் சண்டையில் நான் முழுதாக யார் பக்கமும் இல்லை. முறையை நம்பச் சொல்லும் நம் தலைமுறை, அந்த முறை ஒழுங்காக நடப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அதை உள்ளே இருந்து செய்யக்கூடியவர் நீங்கள்.

ஆகவே, கூப்பிட்டதும் கிளம்பாதீர்கள். மனுவின் முழு நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். இரவு ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா என நேரில் விசாரியுங்கள். அறிக்கையில் உடன்பாடு இல்லையென்றால் மாற்றுக் கருத்தை எழுதி இணையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது கோப்பில் நிற்காது. பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. அது முடிவதற்குள், உங்கள் அமைப்பிலிருந்து இளம்பெண் ஒருவருக்காவது சட்டத்தையும் விதிகளையும் வரிவரியாகக் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை அந்த இடத்துக்கு அவர் பெயரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோழி