கறைகளை வாசித்த அக்காவுக்கு நன்றி

அன்பார்ந்த வாசகர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் கிளை நூலகம் மீண்டும் திறக்கிறது. திறந்துவிட்டால் வருகிறவர்களோடு பேசவே பொழுது போய்விடும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி பிறந்தபோது வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி எந்த உயரத்தில் வந்து நின்றாள் என்பதை ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் நம் ஊரிலும் அவரவர் வீட்டுச் சுவரே காட்டிக்கொண்டிருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகு செய்தித்தாளில் படித்தபோது அந்த எண் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் வாசிப்பறையின் சேற்றுக்கோடு அதைவிட மேலே இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனாலும் முதலில் ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நூலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேரின் சட்டை அவர் கைபட்டுத்தான் வருகிறது. பதினொரு ஆண்டுகளாக நான் இங்கே நூலகராக இருக்கிறேன். இந்தப் பதினொரு ஆண்டில் அவர் ஒருநாளும் நூலகத்தின் வாசற்படி ஏறியதில்லை. ஏறும்படி நானும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வெள்ளம் வடிந்த ஆறாம் நாள் அவராகவே உள்ளே வந்தார்.

அன்று நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் எங்கள் நூல் சேர்க்கைப் பதிவேடு கிடந்தது. நூலகப் பணியில் இல்லாதவர்களுக்கு இதன் அருமை தெரிய வாய்ப்பில்லை. நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணில் வந்தது என்ன நூல், எப்போது வந்தது, விலைக்கு வாங்கியதா, யாராவது கொடையாகத் தந்ததா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். புத்தகம் போனால் ஒரு புத்தகம் போனது. பதிவேடு போனால் என்னென்ன போனது என்று சொல்லக்கூட வழியில்லை. முதல் தொகுதிகள் மூன்றும் தண்ணீருக்குள் இரண்டு நாள் கிடந்தன. தையல் விட்டு, தாள்கள் தனித்தனியாக மிதந்திருந்தன.

மை விஷயத்தில் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். மிகப் பழைய பக்கங்கள் நீலக்கருப்பு மையில் எழுதப்பட்டவை. அந்த மையில் இரும்புச்சத்து கலந்திருப்பதால் அது தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பந்துமுனைப் பேனாவில் எழுதிய பிற்காலப் பக்கங்களும் எண்ணெய் மையின் தயவால் பிழைத்தன. இடையில் யாரோ ஒரு நூலகர் அழகான கையெழுத்தில், கழுவினால் போய்விடும் நீல மையில் எழுதிய நாற்பத்திரண்டு தாள்கள்தான் என்னை உட்காரவைத்துவிட்டன. நூலின் பெயர்கள் நடுவில் மங்கலாகத் தெரிந்தன. ஓரத்தில் இருந்த எண்களோ கரைந்து வானம் போலப் பரவியிருந்தன. எண்கள் இல்லாமல் எந்தத் தாளுக்கு அடுத்தது எந்தத் தாள் என்று எப்படிச் சொல்வது?

அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்: "இதைக் காய வைக்க வேண்டுமா, தம்பி?"

ஆமாம் என்றேன். வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும், நிழலில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், மின்விசிறி போட மின்சாரம் இல்லை என்று என் கவலையை எல்லாம் கொட்டினேன். ஒன்றும் பேசாமல் போனவர் அரைமணி நேரத்தில் கரிப்பெட்டியோடும் ஒரு கட்டு பழைய வேட்டிகளோடும் திரும்பி வந்தார். வண்டி போய்விட்டது, பெட்டி மட்டும் எப்படியோ மரத்தின் வேரில் மாட்டிக் கிடந்ததாம். நனைந்த கரி பற்றாது என்பதால் யார் வீட்டிலோ பரணில் இருந்த சிரட்டைகளை வாங்கி எரித்துக் கரியாக்கியிருந்தார்.

"எந்தத் துணி வந்தாலும் சாயம் போகுமா என்று ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்ப்போம். இதற்கும் அதுதானே முறை?" என்றார். ஈர விரலால் ஒரு தாளின் மூலையைத் தொட்டார். நீலம் ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். அதிகம் என்று கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு வேட்டித் துணியின் ஒரு மடிப்பைக் கீழே விரித்து, தாளை அதன்மேல் வைத்து, இன்னொரு மடிப்பால் மூடி, தேய்க்காமல் ஒற்றினார். இழுக்கவே இல்லை. ஒற்றி எடுத்து, அடுத்த இடத்தில் ஒற்றினார். வேட்டி ஈரத்தைக் குடித்தது. தாள் அப்பளம் போலச் சிலுப்பிக்கொள்ளாமல் தட்டையாக எழுந்து வந்தது. ஒரு தாளுக்கு ஏறக்குறைய கால்மணி நேரம் ஆனது.

நான் எழுத வந்த உதவி இதுவல்ல. இதற்கே நான் ஆயுளுக்கும் கடன்பட்டவன். ஆனால் அவர் செய்தது இன்னும் பெரிது.

தாள்கள் எல்லாம் காய்ந்ததும் அவற்றைக் கலைந்த சீட்டுக்கட்டு போல அடுக்கி, இனி வரிசை கிடைக்காது என்று சொல்லிக் கயிறு எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தாள்களைத் தரையில் பரப்பச் சொன்னார். அவருக்கு எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர் பார்த்தது எழுத்தையல்ல, கறையை. சேற்றுநீர் ஒவ்வொரு தாளிலும் ஒரு மூலையிலிருந்து ஏறி, ஓர் இடத்தில் நின்று, அங்கே பழுப்பாக ஒரு கோடு விட்டிருந்தது. நான் அதுவரை அந்தக் கோட்டை அழிவு என்றுதான் பார்த்திருந்தேன்.

"மடித்த சேலையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் ஏழு மடிப்பிலும் இறங்கும். மேல் மடிப்பில் பெரிதாக இருக்கும், போகப்போகச் சிறுத்துவிடும். சேலையைப் பிரித்த பிறகும் எந்த மடிப்பு மேலே இருந்தது என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம், தம்பி."

அவ்வளவுதான். கோட்டின் வளைவைப் பார்த்துப் பார்த்துத் தாள்களை நகர்த்தத் தொடங்கினார். ஒரு தாளின் கோட்டுக்கும் அடுத்த தாளின் கோட்டுக்கும் நெல்மணி அகலம்கூட வேறுபாடு இராது. ஓரிடத்தில் கோடு மூக்கு போல நீண்டிருக்கும். அந்த மூக்கு பத்துப் பன்னிரண்டு தாள்களில் மெல்ல மழுங்கிக்கொண்டே போகும். இரண்டு பகல் ஆயிற்று. வாசிப்பறைத் தரை முழுவதும் நாற்பத்திரண்டு தாள்களும் ஆற்றின் கரை வளைவது போல வரிசையாகக் கிடந்தன. எங்கள் பதிவேட்டில் பக்கத்துக்கு இருபத்தைந்து வரிகள். தாளின் வரிசை தெரிந்துவிட்டால் அழிந்த எண்களைக் கணக்குப் போட்டே எழுதிவிடலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது சில இடங்களில் பேனா அழுத்திய தடமும் தெரிந்தது. தெரிந்த இடங்களிலெல்லாம் கணக்கும் தடமும் ஒத்துப்போயின. ஒரு தாளில்கூட அவர் தவறவில்லை.

நான் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. உங்கள் வண்டியே போய்விட்டதே, எங்கள் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று கேட்டேன். வண்டியோடு பதினெட்டு வீட்டுத் துணிகளும் போய்விட்டன என்றார். எந்த வீட்டுத் துணி எத்தனை, என்ன நிறம் என்பதை ஒரு சீட்டும் இல்லாமல் நினைவிலிருந்தே சொல்லி, ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிவிட்டுத்தான் அன்று நூலகத்துக்கு வந்திருக்கிறார். "அடுத்தவர் பொருள் நம் கையில் இருந்து போய்விட்டால், என்ன போனது என்றாவது சரியாகச் சொல்ல வேண்டும் இல்லையா?" என்றார். சேர்க்கைப் பதிவேடு எதற்கு என்பதை என் பயிற்சிக் காலத்தில்கூட யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடப்பவை நம் பொது நூலகங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். யாருடைய தயவிலும் நடக்காத, எல்லோருக்கும் உரிய இடம் இது என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். பத்தடி தூரத்தில் நின்ற ஒருவருக்கு அதை நான் சொல்லவில்லை. இனி நூலகத்தின் கதவு திறந்திருக்கிறது என்பதோடு என் கடமை முடிந்ததாக நினைக்க மாட்டேன்.

மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கைகூப்புகிறேன். படகோடு வந்த கடற்கரை ஊர்களின் மீனவர்கள், வேறு மாவட்டங்களிலிருந்து வந்து கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்கள், சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், அலமாரிகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய கல்லூரி மாணவர்கள், மேல்தட்டு நூல்களுக்குத் தம் மாடியில் இடம் தந்த மளிகைக் கடைக்காரர். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சோறாக்கிப் போட்டதை நாடே பேசியது. அப்படிப் பேசப்படாத அடுப்புகள் நம் தெருவிலும் எரிந்தன. வீடே நனைந்திருந்தும் இரவல் வாங்கிய புத்தகத்தைத் தலையணை உறைக்குள் சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்து கொடுத்த வாசகர்களுக்கு என்ன சொல்வது? நனைந்த புத்தகத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டவர்கள் தயவுசெய்து இனி அதைப் பற்றி நினைக்க வேண்டாம்.

அதிகம் இழந்தது குழந்தைகள் பகுதி. அவர்கள் கைக்கு எட்ட வேண்டும் என்று கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். வழவழப்பான படத்தாள் நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் ஆகிவிடும்; பெரும்பாலானவை அப்படிப் போயின. இனியாவது மேல்தட்டுக்கு மாற்றுங்கள் என்று நல்லெண்ணத்தோடு பலர் சொன்னார்கள். மாட்டேன். குழந்தைகளின் புத்தகங்கள் குழந்தைகளின் உயரத்திலேயே இருக்கும். ஆனால் கைப்பிடி வைத்த கூடைகளில் இருக்கும். அடுத்த மழைக்கு முன் கூடையோடு தூக்கி மாடியேற்றுவது என் பொறுப்பு. பதிவேட்டின் நகல் ஒன்று இனி வேறோர் ஊர் நூலகத்திலும் இருக்கும்.

சனிக்கிழமை முதல் வாசிப்பறையும் நாளிதழ்களும் மேல்தட்டு நூல்களும் உண்டு. இரவல் கொடுப்பது, இழந்தவற்றின் பட்டியல் முடிந்த பிறகுதான். அந்தப் பட்டியலை முன்சுவரில் ஒட்டுவேன். உங்கள் வீட்டில் அதே நூல் இருந்து, தர மனமும் இருந்தால் கொண்டு வாருங்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் குறிப்பேடுகளை இழந்திருக்கிறார்கள். தினமும் மாலை ஒன்றாக அமர்ந்து, ஒருவரிடம் எஞ்சியதை மற்றவர் பார்த்து எழுதிக்கொள்ள நீளமேசையை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் குழந்தைகளுக்குக் கதை நேரம். கதை சொல்ல ஊர்ப் பாட்டிகள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளத்தைப் பற்றி யாரும் குழந்தைகளிடம் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். வாசகர் வட்டக் கூட்டம் ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று கூடும். அதற்குள் பைண்டிங் வேலை தெரிந்தவர்கள் முன்வந்தால் அன்றே பழுதுபார்ப்பு முகாமும் நடத்திவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் நிகழ்ச்சி இந்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. நனைந்த பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, பழைய கடிதங்கள், கணக்கு நோட்டுகள் இவற்றை எப்படி மீட்பது என்று இஸ்திரி அக்கா செய்து காட்டுவார். நான் பக்கத்தில் நின்று உதவுவேன். ஒட்டிக்கொண்ட தாள்களை வீட்டில் பிரிக்க முயலாமல் அப்படியே கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் நகல்களையும் கணினியில் அச்சான மதிப்பெண் பட்டியல்களையும் சூடான பெட்டி பக்கம் கொண்டுபோகவே கூடாது. அந்த மை உருகிவிடும். அவற்றுக்குக் காற்றே போதும். திருமணப் படங்கள் ஒட்டியிருந்தால் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரிக்கலாம். பெரிய தட்டுகள் வைத்திருப்பேன். ஈரம் போகாமல் எதையும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். வீட்டில் வெளுத்த பழைய பருத்தி வேட்டி இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள். புதுத்துணி ஈரம் குடிக்காது என்று அக்கா சொல்லச் சொன்னார்.

அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறார். மேடை, நாற்காலி, பொன்னாடை எதுவும் கூடாது, நின்றுகொண்டுதான் சொல்வார். திங்கட்கிழமைக்கான பள்ளிச் சீருடைகள் காத்திருக்கும் என்பதால் ஒன்றரை மணிக்கு அவரை விட்டுவிட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் நூலகர்