இடது பக்க ஷட்டர்

மதுரை,
மார்ச் 26

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? முழங்காலுக்கு வாங்கின பட்டையைக் கட்டுகிறாயா, இல்லை அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயா?

போன வாரம் இருபதாம் தேதி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, "மாப்ளே, எங்க பால்கனிக்குச் சிட்டுக்குருவி வந்துருச்சு" என்று போட்டிருந்தாய். அன்றைக்கு உலகச் சிட்டுக்குருவி நாள் வேறு. நானும் பேசாமல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மாப்ளே, அது சிட்டுக்குருவி இல்லை. படத்தைப் பெரிசாக்கி மூக்கைப் பார். ஊசி மாதிரி நீண்டு, நுனி கீழே வளைந்திருக்கும். வயிறு மஞ்சள். அது பெட்டைத் தேன்சிட்டு. தங்கச்சி தொட்டியில் வைத்திருக்கிற செம்பருத்திக்கு வந்திருக்கிறது. சிட்டுக்குருவிக்குக் கட்டை மூக்கு, தானியம் உடைக்கிற மூக்கு. நாற்பது வருஷம் மண்டியில் அதுகளோடு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

படத்துக்குக் கீழே "எல்லாம் செல்போன் டவர் பண்ற வேலை" என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பதிலை வாட்ஸப்பில் தட்டப் போய் விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கீழமாசி வீதியில் எங்கள் மண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பொட்டுக்கடலை தின்ன வருவாயே. லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது லோடுமேன் கொக்கியைப் போட்டு இழுப்பார். கோணிச்சாக்கில் ஓட்டை விழும். வாங்க வருகிறவர் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்துப் பார்ப்பார். அதிலும் நாலு மணி சிந்தும். வாசலிலிருந்து தராசு வரைக்கும் ஒரு கோடு போட்ட மாதிரி அரிசியும் கம்பும் சிந்திக் கிடக்கும். சிந்தல் என்று கணக்கிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது முப்பது நாற்பது குருவி ஒயரில் வரிசையாக உட்கார்ந்து, ஏன் இன்றைக்கு லேட் என்று கேட்கிற மாதிரி கத்தும். அப்பா ஒருநாளும் விரட்டினதில்லை. கணக்குப்பிள்ளைதான் பேரேட்டில் எச்சம் விழுகிறதென்று பனையோலை விசிறியை ஆட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு பிளாஸ்டிக் சாக்கு வந்தது, அதன் பின்னால் தைத்து ஒட்டின இருபத்தைந்து கிலோ பை. கொக்கியும் குத்தூசியும் போயின. இப்போது கடைத் தரையைத் துடைத்தால் துணியில் ஒரு மணி அரிசி ஒட்டாது. வியாபாரியாகப் பார்த்தால் நல்லதுதான், வருஷத்துக்கு எத்தனை மூட்டை சிந்தலில் போனது என்று எனக்குத் தெரியும். ஆனால் வரவு வைத்துக்கொண்டவன் எதிர்ப்பக்கத்தில் பற்றும் எழுத வேண்டும் இல்லையா?

இனி டவருக்கு வருகிறேன். அதுதான் குருவியைக் கொன்றது என்று நிரூபணம் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் சிட்டுக்குருவி குறைய ஆரம்பித்தது 1970-களின் கடைசியில். அப்போது அங்கே செல்போனே கிடையாது. 2000-த்தில் லண்டன் நாளிதழ் ஒன்று, குருவி ஏன் குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. பிறகு லெஸ்டர் நகரத்தில் கூடு கூடாகப் போய்ப் பார்த்த ஆய்வில், குஞ்சுகள் பல கூட்டிலேயே பட்டினியில் சாவது தெரியவந்தது. தீனி இல்லாத பட்டினி இல்லை, பூச்சி இல்லாத பட்டினி. பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாளுக்குப் புழுவும் அசுவினிப் பூச்சியும் வேண்டும். கொல்லையில் ஒரு முருங்கையும் அவரைப் பந்தலும் இருந்தால் அது கிடைத்துவிடும். கொல்லைக்கே சிமெண்ட் போட்டு இரண்டு பைக்கை நிறுத்தினால், நீ கிண்ணம் கிண்ணமாகக் கம்பு வைத்தாலும் குஞ்சு பிழைக்காது.

உன் அடுக்குமாடியில் புறா தாங்கவில்லை, வலை அடிக்கப் பன்னிரண்டாயிரம் கேட்கிறான் என்று புலம்பினாயே, அதுவும் இதே கணக்குத்தான். மாடப்புறா பாறை விளிம்பில் முட்டையிட்டு வாழ்ந்த பறவை. அதன் கண்ணுக்கு உன் ஒன்பது மாடிக் கட்டடம் ஒரு மலை, ஏசி யூனிட் வைத்த திட்டு ஒரு பாறை. அதோடு புறாவுக்குக் கடவுள் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். தாயும் தகப்பனும் தொண்டைப்பையில் பால் மாதிரி ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். பூச்சியே வேண்டாம். யாராவது ஒரு புண்ணியவான் மொட்டை மாடியில் தானியம் கொட்டினால் போதும், வம்சம் பெருகிவிடும். குருவிக்கு அந்த வசதி இல்லை. ஊரில் பறவையே இல்லாமல் போய்விட்டது என்று புலம்புகிறோம். அது சரியில்லை. நாம் எப்படி மாறினோமோ அதற்குத் தோதான பறவைகள் பெருகியிருக்கின்றன. புறா பெருகியிருக்கிறது. குப்பை கிடக்கிற இடத்தில் காக்காய்க்குக் குறைவில்லை. காக்காய்க் கூட்டில் முட்டையிடுகிற குயிலும் நன்றாக இருக்கிறது. குருவி வேறு மாதிரி மனிதர்களுக்கான பறவை.

நம் தமிழய்யா ஒன்பதாம் வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு ஒன்று நடத்தினாரே, மனையுறை குரீஇ என்று வரும். நீ அன்றைக்குப் பெஞ்சின் மேல் நின்றாய், காரணம் மறந்துவிட்டது. அந்தப் பாட்டில் குருவி முற்றத்தில் காய்கிற தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் புழுதியில் குடைந்து குளிக்கிறது, வீட்டுக் கூரை இறப்பில் குஞ்சோடு படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், மொத்தம் மூன்றே தேவை. உன் வேளச்சேரி வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் இந்த மூன்றில் எது இருக்கிறதென்று பார்த்துவிட்டு வா. பள்ளிக்கரணைக்கு எங்கிருந்தோ பூநாரை வந்து நிற்பதைப் படம் எடுத்து அனுப்புகிறாய், வீட்டுக்குருவி வர ஓர் இறப்பு கிடையாது.

உன்னை மட்டும் சொல்வானேன். 2006-ல் நான் வீட்டை இடித்துக் கட்டினது உனக்குத் தெரியும், கிரகப்பிரவேசத்துக்கு வந்து ஸ்டவ் கொடுத்தாய். பழைய வீட்டில் முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு, உள்ளே மர உத்திரம். உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. நிலைக்கண்ணாடி முன்னால் வந்து குருவி தன் நிழலோடு மூக்கு உடையச் சண்டை போடும், அம்மா துண்டை எடுத்துக் கண்ணாடியில் போடுவாள். ஃபேன் போடுமுன் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, மருமகள் சிரிக்கிறாள். இடிக்கிற அன்று கொத்தனார் சந்துக்குள் கைவிட்டு ஒரு கூட்டை அப்படியே உருவி எடுத்து என் முன்னால் போட்டார். காய்ந்த புல், தேங்காய் நார், கோழியிறகு, அதற்கு நடுவில் நீள நீளமாக வாழைநார். மல்லிகை தொடுத்த நார், மாப்ளே. அம்மா தலையிலிருந்து எடுத்துப் போட்ட சரங்கள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்லவேளை, உள்ளே முட்டை இல்லை. புது வீடு எழும்பினபோது, "சந்து எதுவும் விடவேண்டாம்ல சார், பல்லி கரப்பான் வரும்" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்துக் கட்டினேன் என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் குருவிகள் எந்த நாளில் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதுதான் உறுத்துகிறது. 1974-ல் சுற்றுலா போனோமே, திருக்கழுக்குன்றம். மலை மேல் உச்சிவெயிலில் கால் பொசுங்க நின்றோம். பெரியவர் ஒருவர் பித்தளைப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார், வெள்ளையாக இரண்டு கழுகு வந்து தின்றுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போயின. 1998-க்குப் பிறகு அவை வருவதில்லை. அங்கே ஒருவர் பாத்திரத்தோடு காத்திருந்ததால் வராத நாள் தெரிந்தது. குருவிக்கு யார் காத்திருந்தோம்?

தம்பி மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பறவை கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் எண்ணி ஈபேர்டு என்ற செயலியில் ஏற்ற வேண்டும். இந்த வருஷம் என்னையும் மாடிக்கு இழுத்துப்போனாள். காக்காய் 22, புறா 31, மைனா 6, கரும்பருந்து 3, பச்சைக்கிளி 4, கொண்டைக்குருவி ஒரு சோடி. பழகின கைதானே, நோட்டில் நான்தான் குறித்தேன். சிட்டுக்குருவி என்று எழுதிச் சுழியம் போட்டேன். இல்லாததை எழுத வேண்டாம் பெரியப்பா என்றாள். இருப்பு இல்லாவிட்டாலும் பேரேட்டில் சரக்கின் பேர் இருக்க வேண்டும் என்றேன்.

அவள் இன்னொன்று சொன்னாள். 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறதாம், பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு நாள் துக்கம் கொண்டாடின வீட்டில் ஆள் பக்கத்து ஊரில் சௌக்கியமாக இருக்கிறார் என்ற மாதிரி. ஆனால் யோசித்தால் நியாயம்தான். எங்கள் ஊர்ப்பக்கம் ரயில்வே ஸ்டேஷன் டீக்கடையில் இன்றைக்கும் பெஞ்சுக்கு அடியில் கூட்டமாகத் திரிகிறது. கிராமத்துக் களத்தில் இருக்கிறது. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாத சாதி அது. ஒரு தெருவில் அற்றுப்போனால் அடுத்த ஊரிலிருந்து குடி வராது. டெல்லிக்காரர்கள் 2012-ல் அதை மாநிலப் பறவையாக்கினார்கள். பதவி கொடுத்தால் வந்துவிடுமா? பெரியார் பஸ் நிலையம் பக்கம் குருவி படம் போட்டு லேகியம் விற்கிறவன்தான் இந்த ஊரில் அதன் பேரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நீ வாங்கப்போவதாகச் சொன்ன மரக்கூட்டைப் பற்றி: வாங்கு, ஆனால் ஓட்டை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரிசாக இருந்தால் மைனா புகுந்துவிடும். கயிற்றில் தொங்கவிடாதே, ஆடினால் அண்டாது. நிழலான சுவரில் பத்தடி உயரத்தில் அறைந்து வை. ஒன்பதாவது மாடிக்கு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனிமேல்தான் விஷயமே. மண்டி இருந்த இடத்தில் மகன் சிறுதானியக் கடை போட்டிருக்கிறான், தெரியுமல்லவா. இரண்டு ஷட்டர். மாசிக் கடைசியில் ஒருநாள் இடது ஷட்டருக்கு மேலே, தகடு சுருளுகிற பெட்டியிலிருந்து ஒரு வைக்கோல் தொங்கியது. நாற்காலி போட்டு ஏறி டார்ச் அடித்தேன். நாலு முட்டை. வெளுப்பில் பழுப்புப் புள்ளி. ஒயரில் சேவல் குருவி உட்கார்ந்து, தொண்டைக் கறுப்பு தெரிய என்னை வைதுகொண்டிருந்தது. பக்கத்துத் தவிட்டுக் கடைக் கூரையில் பத்துப் பன்னிரண்டு இன்னும் இருக்கிறது போல, நான்தான் அண்ணாந்து பார்க்கவில்லை. ஷட்டரை ஏற்றினால் கூடு நசுங்கிவிடும். மகனிடம் சொன்னேன். பாதிக் கடையை மூடிவைத்து வியாபாரம் பண்ணச் சொல்கிறீர்களா என்றான். 2020-ல் சிவகங்கைப் பக்கம் போத்தக்குடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டது என்று ஊரே ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் இருந்தது, உனக்கு ஒரு ஷட்டர் பெரிசா என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அவனே ஒரு அட்டையில் 'வலது பக்கம் வரவும்' என்று எழுதி ஒட்டியிருந்தான்.

முட்டை பொரிய பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்கப் பதினைந்து நாள், ஆக ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்லித்தான் அவனைச் சம்மதிக்க வைத்தேன். குஞ்சு பொரித்து எட்டு நாள் ஆகிறது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவருகின்றன. எங்கிருந்து கிடைக்கிறதென்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன், நாலு கடை தள்ளி ஒரு கோயில் சந்தில் யாரோ வைத்த முருங்கை. அந்த வீட்டுக்காரர் மரத்தை வெட்டாமல் இருக்கப் பேசி வைத்திருக்கிறேன், பதிலுக்கு இரண்டு கிலோ சாமை ஆயிற்று.

ஒரு விஷயத்தை மட்டும் மகனிடம் மறைத்துவிட்டேன். முதல் ஈடு பறந்ததும் அதே கூட்டில் இரண்டாவது ஈடு முட்டையிடும், சில சமயம் மூன்றாவதும். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாயே, வா. அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் அவன் கடையில் வியாபாரம் நன்றாக இருக்கும், முகமும் சிரித்த முகமாக இருக்கும். பேச்சோடு பேச்சாக நீயே சொல்லிவிடு. உன்னை அவன் எதிர்த்துப் பேச மாட்டான்.

கடைக்கு வரும்போது வலது பக்கமாக வா.

உன்,
சொக்கு