அண்ணி, உங்கள் கிராஸ் ஸ்டிச்சும் அவனுடைய மைன்கிராஃப்டும்

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னீர்கள். மருமகப் பிள்ளை எந்நேரமும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எதையோ வெட்டிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருக்கிறான் என்பது ஒன்று. பிறந்த நாளுக்கு அந்த மைன்கிராஃப்ட் விளையாட்டில் வருகிற நீல வாள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்பது இன்னொன்று. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, வைத்துவிட்டீர்கள். சொல்ல நினைத்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே புலம்பலை இன்னும் சில அம்மாக்களிடமும் கேட்டுவிட்டேன். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை.

வாளை வாங்க வேண்டாம், அண்ணி. வீட்டிலேயே செய்யலாம். வாளோடு நிறுத்தவும் வேண்டாம். அவன் திரையில் பார்க்கிற பாதிப் பொருள்களைச் செய்ய வேண்டிய கைவேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணத்தின்போது நீங்கள் தைத்துக் கொண்டுவந்த இரட்டைக் கிளி இன்னும் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறதே, அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அலகும் இறகும் எதுவுமே வளைவு கிடையாது, எல்லாம் கிராஸ் ஸ்டிச்சின் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். நான்கு அடி தள்ளி நின்றால்தான் கிளி. பழைய வீடியோ கேம் படங்கள் எல்லாம் அதே வேலைதான்.

1985-இல் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் அந்தக் குள்ள மாரியோ பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள் அடங்கிவிடுவான். அவனுக்கு மொத்தமே மூன்று நிறம். அந்தக் கால விளையாட்டு இயந்திரம் அவ்வளவுதான் தாங்கும். அவனை முதலில் வரைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. 1981-இல் டாங்கி காங் என்ற விளையாட்டுக்காக வரைந்தார். இத்தனை சின்னக் கட்டத்தில் தலைமுடி சரியாக வராது என்று தொப்பி வைத்தார். வாய் வரைய இடமில்லை, மூக்குக்குக் கீழே மீசை வைத்துவிட்டார். கை வீசுவது தெரிய வேண்டுமே, அதற்காக உடம்புக்கு ஒரு நிறம் கைக்கு ஒரு நிறம் வருகிற மாதிரி உடுப்பு. கிளியின் கண்ணுக்கு ஒரே ஒரு தையல்தான் மிச்சம் என்று தெரிந்தபோது நீங்கள் என்னென்ன யோசித்திருப்பீர்களோ, அந்த மனுஷனும் அதையேதான் யோசித்திருக்கிறார். அதே விளையாட்டில் வானத்து மேகமும் தரையில் இருக்கிற புதரும் ஒரே படம். வெள்ளை போட்டால் மேகம், பச்சை போட்டால் புதர். ஒரே கிராஃபை வைத்து நிறம் மாற்றித் தலையணை உறைக்கு இரண்டு ஓரம் தைக்கிற சிக்கனம் நம் வீட்டிலும் உண்டுதானே.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பெயர் சூசன் கேர், அமெரிக்கர். சிறு வயதில் அம்மாவிடம் துணியின் இழையை எண்ணித் தைக்கிற எம்ப்ராய்டரி கற்றவர். 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனி மெக்கிண்டாஷ் கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அதன் திரைக்கு வேண்டிய சின்னச் சின்னப் படங்களை வரைய அவரை அழைத்தார்கள். அவருக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து பழக்கமில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டத்தில் ஒவ்வொன்றாகக் கறுப்படித்து வரைந்தார். சிரிக்கிற கம்ப்யூட்டர், குப்பைத்தொட்டி, திரி எரிகிற குண்டு எல்லாம் அப்படி வந்தவை. அந்த நோட்டுப் பக்கங்கள் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அண்ணன் ஆபீஸில் வேலை இல்லாத நேரத்தில் சாலிட்டேர் சீட்டாடுவாரே, நினைவிருக்கிறதா? 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்த அந்தச் சீட்டுக்கட்டை வடிவமைத்ததும் இதே அம்மாள்தான். ஆகவே தையல்காரியின் கைவேலையைத்தான் அண்ணன் இத்தனை வருஷம் மௌஸால் இழுத்துக்கொண்டிருந்தார்.

சிலர் இதையெல்லாம் உடனே கோலத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து போகிறது, அழகே அந்த வளைவில்தான். இங்கே வளைவுக்கு வழியே இல்லை. இது கிராஸ் ஸ்டிச்சின் பங்காளி.

சரி, மைன்கிராஃப்டுக்கு வருகிறேன். மாரியோவோடு பார்த்தால் இது புது விளையாட்டு, 2009-இல் முதலில் வெளியே வந்தது. ஆனாலும் வேண்டுமென்றே பழைய மாதிரி கட்டம் கட்டமாகச் செய்திருக்கிறார்கள். அதில் வருகிற ஒவ்வொரு கல்லும் மண்ணும் பதினாறுக்குப் பதினாறு கட்டப் படம். அவன் ரொம்பப் பயப்படுவதும் ரொம்பப் பிடிப்பதுமான ஒரு பச்சைப் பிராணி உண்டு, க்ரீப்பர் என்று பேர். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்று, புஸ் என்று சீறி, வெடித்துவிடும். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது அவன் "ஐயோ" என்று அலறுகிறான் என்றீர்களே, அதற்குக் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இந்த விளையாட்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் பன்றி செய்யப் போனார். நீளத்தையும் உயரத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். நெட்டுக்குத்தலாக நாலு காலில் ஒரு ஜந்து எழுந்து நின்றது. பச்சையடித்து வைத்துக்கொண்டார்.

முதலில் இதன் முகத்தைத் தையுங்கள், அண்ணி. எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 கட்டம். நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே இரண்டு வரிசை முழுப் பச்சை. மூன்றாவது, நான்காவது வரிசைகளில் கண்கள் வரும்: இடது ஓரத்தில் ஒரு கட்டம் விட்டு இரண்டு கறுப்பு, நடுவில் இரண்டு பச்சை, மறுபடி இரண்டு கறுப்பு, கடைசியில் ஒரு பச்சை. ஐந்தாவதில் நட்டநடுவில் இரண்டு கறுப்பு. ஆறிலும் ஏழிலும் நடுவில் நான்கு நான்கு. எட்டாவதில் அந்த நான்கில் ஓரத்து இரண்டு மட்டும் கறுப்பு, வாய் தொங்கின மாதிரி. எண்ணிப் பார்த்தால் கறுப்பு மொத்தம் இருபதுதான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்த்த உடனே பெயர் சொல்கிற மூஞ்சி, இருபது கறுப்புக் கட்டத்தில் முடிந்துவிடுகிறது.

ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று போட்டால் விரல் நகம் அளவுதான் வரும். ஒரு கட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து தையல் வையுங்கள். ஒரு பக்கம் நாற்பது தையல். அங்குலத்துக்கு 11 தையல் விழுகிற மேட்டி துணி என்றால் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம் வரும், பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தைக்கச் சரியான அளவு. மொத்தம் 1600 தையல் ஆகிறது. மலைக்காதீர்கள், துணியே பச்சையாகக் கிடைத்துவிட்டால் கறுப்பு மட்டும் போட்டால் போதும், 500-இல் வேலை முடிந்தது. ஆங்கர் கம்பெனி நூலில் கறுப்பின் எண் 403. துணி கொஞ்சம் பெரும்படியாக இருந்தால் ஆறு இழையில் மூன்றைப் பிரித்து எடுங்கள், நெருக்கமாக இருந்தால் இரண்டு போதும்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். மேலே விழுகிற தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் பல்லிளிக்கும். ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு நூலை அறுக்காமல் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வெளிர் நிறத் துணியில் கறுப்பு நூல் பின்னால் ஓடுவது முன்னால் நிழலடிக்கும். கண்ணுக்குக் கண் அறுத்து முடிச்சில்லாமல் சொருகிவிடுவதுதான் நல்லது.

அடுத்தது வாள். விளையாட்டில் அது பதினாறு கட்டச் சதுரத்தில் மூலைக்கு மூலை சாய்வாகப் படுத்திருக்கும். கட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் வைத்தால் சதுரத்தின் பக்கம் 32 சென்டிமீட்டர், வாளின் நீளம் ஏறக்குறைய 45. அவன் கைக்கு அதுவே போதும். கிரைண்டரோ ஃபேனோ வாங்கிய அட்டைப்பெட்டி பரணில் இருக்குமே, அதை எடுங்கள். அட்டைக்குள் நெளிநெளியாக வரி ஓடுகிறதே, அதுதான் இதில் சூட்சுமம். ஒரே அட்டை என்றால் அந்த வரி ஓடுகிற போக்கிலேயே மடிந்துவிடும், அவன் வீசுகிற முதல் வீச்சுக்கே தாங்காது. மூன்று அட்டை வெட்டி, நடு அட்டையின் வரி மட்டும் குறுக்கே வருகிற மாதிரி வைத்து ஃபெவிகால் தடவி, மேலே அம்மிக்கல்லோ ஆட்டுக்கல் குழவியோ எது இருக்கிறதோ அதைத் தூக்கி வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பலகை மாதிரி இருக்கும். கைப்பிடிப் பக்கம் வாள் மெலிகிறது, அங்கேதான் எப்போதும் ஒடியும். நடு அட்டையில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு மூங்கில் குச்சியைப் புதைத்து ஒட்டுங்கள். படிக்கட்டு மாதிரி வருகிற ஓரத்தை வெட்டுகிற வேலை உங்களுடையது, கட்டர் பிளேடை அவனிடம் கொடுக்க வேண்டாம். வண்ணத் தாளில் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுகிற வேலை முழுக்க அவனுடையது. எந்த நீலம் எந்த இடத்தில் என்று அவனுக்கு மனப்பாடம், படம் பார்க்கக்கூட மாட்டான்.

அட்டை என்றால் மட்டம் என்று அவன் மூக்கைச் சுளித்தால் ஒன்று சொல்லுங்கள். மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ கம்பெனியே 2018-இல் லாபோ என்ற பெயரில் அட்டையை மடித்துப் பியானோவும் மீன் தூண்டிலும் செய்கிற பெட்டிகளை விற்றது. காசு வாங்கிக்கொண்டு.

வேறு வழிகளும் இருக்கின்றன. சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக் மணிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, முளை வைத்த தட்டில் ஒவ்வொரு மணியாக அடுக்கி மேலே கேக் சுடும்போது அடியில் போடுகிற பேக்கிங் பேப்பரைப் போட்டு இஸ்திரி போட வேண்டும். ஆவி விடக் கூடாது. எடுத்த கையோடு ஒரு கனமான புத்தகத்தை மேலே வைத்தால்தான் ஆறும்போது வளையாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மணிகள் தரையில் கொட்டினால் வீடே பொறுக்க வேண்டும். உங்கள் வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருப்பதால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒயர் கூடையில் க்ரீப்பர் வருமா என்று கேட்காதீர்கள். கூடையில் நிறம் ஒயரோடு ஓடுகிறது, நினைத்த கட்டத்தில் நினைத்த நிறத்தை வைக்க அது விடாது. பட்டையும் டைமண்டும்தான் அதற்கு அழகு. கட்டமில்லாத உருண்டைக் கதாபாத்திரங்களுக்குக் குரோஷாதான் சரி. வேறொரு வீடியோ கேமில் கிர்பி என்று ரோஸ் நிறத்தில் ஒரு பந்து உண்டு. ஆறு தையலில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி, அப்புறம் அதே கணக்கில் குறைத்து, பஞ்சை அடைத்தால் உடம்பு தயார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டரை விட்டு அவனைக் கிளப்புவதற்கான தந்திரமாக இதைச் செய்யாதீர்கள். "அதைப் பார்த்தது போதும், வா, இதைத் தைக்கலாம்" என்று கூப்பிட்டால் தையலும் ஹோம்வொர்க் ஆகிவிடும். அவன் பார்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். எந்த ஜந்து எப்போது வரும், அதை எப்படி விரட்டுவது என்று ஒன்றிரண்டு கேள்வி கேளுங்கள். வாயை மூடவே மாட்டான். கிராஃபை அவனையே போடச் சொல்லுங்கள். திரையில் எண்ணி நோட்டில் குறிக்கிற பொறுமை இந்தப் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம். மணிக்கணக்காகக் கல் உடைத்து வைரம் தேடுகிறவன், 64 கட்டத்துக்கா சலிப்பான்?

இன்னொரு சின்ன விஷயம். நன்றாக வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் நாலு போட்டுக் கொடு, காசு தருகிறேன்" என்பார்கள். வீட்டுப் பிள்ளைக்குச் செய்வது, ஆசைக்கு ஒருத்தருக்குக் கொடுப்பது வேறு. இந்தக் கதாபாத்திரங்கள் எல்லாம் கம்பெனிகளுக்குச் சொந்தம், அவற்றைப் போட்டு வியாபாரம் செய்வது வேறு. காசு வாங்குவதென்றால் உங்கள் இரட்டைக் கிளியையே தைத்துக் கொடுங்கள், அது யாருக்கும் சொந்தமில்லை. என்னைக் கேட்டால் கிளிதான் இன்னும் அழகு, ஆனால் இதை மருமகப் பிள்ளை காதில் போடாதீர்கள்.

கடைசியாக, துணி. இங்கே நான் போகிற கடைகளில் மேட்டி துணி வெள்ளையிலும் சந்தன நிறத்திலும்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் பஜாரில் பச்சை கிடைத்தால் எனக்கும் அரை மீட்டர் எடுத்து வையுங்கள், பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். எந்தப் பச்சை என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். நீங்களாக வாங்கிவந்தால் "இது க்ரீப்பர் பச்சை இல்லை" என்று திருப்பி அனுப்புவான். அண்ணனுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

உங்கள் நாத்தனார்