தேய்க்காமல் விட்ட வாளி

அன்புள்ள மகளுக்கு,

பால்கனி வாளியில் கொசுப்புழு நெளிகிறது என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தாய். நாலைந்து நாளில் மறுபடியும் புழு. "தண்ணியிலேயே வருதாப்பா?" என்று போனில் கேட்டாயே, தண்ணீரில் வரவில்லை அம்மா, வாளியிலேயே இருந்தது.

பகலில் கடிக்கிற வரிக்கொசு இருக்கிறதே, ஏடிஸ், டெங்குவைப் பரப்புவது, அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். பார்த்தால் கரித்தூள் மாதிரிதான் இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறி நனைத்தால் பொரிந்துவிடும். நீ கொட்டியது புழுவை மட்டும். வாளியை நிரப்பி முட்டையை நனைத்ததும் நீதான்! சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் அப்படியில்லை. நூறு, இருநூறு முட்டைகளைத் தெப்பம்போல் சேர்த்து நீர்மேல் மிதக்கவிடும். கொட்டினால் அதோடு போயிற்று.

போன வாரம் நம் வீட்டுப் பூச்சாடியிலும் புழு. வெட்கம்தான். கொட்ட மனம் வராமல் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டி ஜன்னலோரம் வைத்தேன். உன் அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. மூச்சு வாலில்! வால் பக்கத்துக் குழலை நீர்ப்பரப்பில் நீட்டிக் காற்று வாங்குகின்றன. விரலால் தட்டினேன், எல்லாம் நெளிந்து அடியில் போய்ப் பதுங்கின. கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காக ஒவ்வொன்றாய் மேலே வந்தன. நான்காவது முறை தோலுரித்ததும் கமாவைப் போலச் சுருண்டு கூட்டுப்புழு. அதற்குத் தீனி கிடையாது. மூச்சுக்குழல் இப்போது முன்பக்கம், இரண்டு சிறு கொம்பாக. தட்டினால் குட்டிக்கரணம் போடுகிறது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்க்கிறேன், ஒன்றின் முதுகு வெடித்து, உள்ளேயிருந்து கொசு மெல்ல நிமிர்ந்து எழுந்தது. கழற்றிய தோலையே படகாக்கி அதன்மேல் நின்று காய்ந்தது. அழகாக இருந்தது என்றால் திட்டுவாய்.

வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை வாளியைக் கொட்டு, உள்சுவரைப் பிரஷ் போட்டு அழுத்தித் தேய். கொட்டுவதை வெறும் தரையில் கொட்டு. பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு, இரண்டையும் மறக்காதே.

பாட்டிலில் மிச்சமிருந்ததை வெயிலில் கொட்டிவிட்டேன். பாட்டிலை உன் அம்மா தேய்க்கவெல்லாம் இல்லை, தூக்கியே எறிந்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா