மயிலிட்டியில் ஒரு கிணறு

மாப்ளே,

மூன்று மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, தப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோடாபுட்டியும் நானும் யாழ்ப்பாணம் போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பினோம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. கோடியக்கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை ராத்திரி பேசியிருப்போம், இவ்வளவு கிட்டே என்று உடம்புக்கு இப்போதுதான் தெரிந்தது. சோடாபுட்டி ஏறியதும் படுத்தவன் கரை தெரிந்த பிறகுதான் எழுந்தான். கொடைக்கானல் பஸ் கதையேதான்.

தங்கியது அவன் மச்சானுக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில். ஊரே அவரை மாஸ்டர் என்கிறது, அவர் மனைவி எங்களுக்கு அன்ரி. செருப்பைக் கழற்றுவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. நாலு நாளும் புட்டும் சொதியும் மீனும்தான், ஒருநாள் இரவு ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். நண்டுக்கால் ஒன்று மேலே மிதக்க, சூடு விரலில் ஏற, கூழோடு ஓலை வாசனையும் சேர்ந்து உள்ளே போகிறது. அங்கே யாரும் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். கிளம்புவதற்கு வெளிக்கிடுவது, சந்துக்கு ஒழுங்கை. சோடாபுட்டி இரண்டாம் நாளே 'ஆமாம்' என்பதை விட்டு எல்லாவற்றுக்கும் 'ஓம்' போட ஆரம்பித்துவிட்டான், அன்ரிக்கு ஒரே சிரிப்பு.

நல்லூர் போனோம், கீரிமலையில் கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியில் குளித்தோம், யாழ்ப்பாணப் பொது நூலகம் போனோம். 1981இல் அங்கே எரிக்கப்பட்ட ஏறத்தாழ 97,000 புத்தகங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது முடியாது. மனசு முழுக்க ஒரு கிணறு நிற்கிறது.

மூன்றாம் நாள் மாஸ்டர் எங்களை மயிலிட்டிக்கு, அவருடைய பழைய வளவுக்கு, அதாவது வீடும் தோட்டமும் இருந்த மனைக்கு, கூட்டிப் போனார். 1990இல் சண்டை நெருங்கியபோது உடுத்த துணியோடு வெளியேறியவர்கள். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். முகாமும் வாடகை வீடுமாக 27 வருஷம் ஓடி, 2017இல்தான் அவர்கள் பகுதியை ராணுவம் விடுவித்தது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை கூட இல்லை, ஆள் உயரத்துக்குப் புதர். யார் காணி எங்கே முடிகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. “கிணத்தை வைச்சுத்தான் வளவைப் பிடிச்சனாங்கள்” என்றார்.

கிணற்றுக் கட்டில் கைவைத்துக் காட்டினார். சிமென்ட் ஈரமாக இருந்தபோது அவர் அப்பா குச்சியால் கீறிய '1961', ஒன்பதின் வால் மட்டும் உதிர்ந்திருக்கிறது. மண்ணைச் சுரண்டி அந்த எழுத்தைப் பார்த்ததும் அன்ரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்துக் காணிக்காரர்கள் அந்தக் கிணற்றிலிருந்து காலடி போட்டு அளந்துதான் அவரவர் எல்லையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது பங்குக் கிணறு, நாலு குடும்பத்துக்கு காணிப் பத்திரத்திலேயே பங்கு எழுதியிருக்கிறது. ஆறு ஓடாத ஊர் மாப்ளே அது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிற மழைநீர்தான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு, எல்லாத்துக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும்.

மாஸ்டர் வாளியை இறக்கி இறைத்து, என் இரண்டு கையிலும் ஊற்றினார். லேசான கல் ருசி. குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லா இருக்கு சார் என்றேன், அதற்கு மேல் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கே நிற்கும்போதே உன் கடிதம் ஞாபகம் வந்தது. தாத்தா கிணற்றை மூடினால்தான் மனை விலை போகும் என்று புரோக்கர் சொல்வதாக எழுதியிருந்தாயே. நாம் மூன்று பேரும் நீச்சல் பழகிய கிணறு. உனக்குப் பணமுடை இருப்பது தெரியும், பிள்ளை படிப்பு இருக்கிறது, விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மூடாதே. கிணற்றோடு வாங்க ஆள் பார்ப்போம், சோடாபுட்டியின் சித்தப்பா தோட்டம் போட இடம் தேடிக்கொண்டிருக்கிறார், அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மண் லாரிக்குச் சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். அன்ரி கொடுத்த பனங்கட்டி உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.