ஆயுள் சான்று எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம் வங்கிகளிலிருந்து பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும், ஓய்வூதியர் உயிருடன் இருப்பதைக் காட்டும் டிஜிட்டல் ஆயுள் சான்றைச் சில சேவை மையங்களில் பழையபடியே பதிகிறார்கள். வழங்கும் முகமை என்ற கட்டத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. ஆனாலும் சான்று பதிவானதற்கான பிரமாண் எண் வந்துவிடும். வேலை முடிந்தது என்று ஓய்வூதியர்கள் வீடு திரும்புவார்கள். பிறகு ஓய்வூதியம் நின்றுபோகும். 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ அலகாபாத்' என்பதைத் தேர்ந்து, ஸ்பர்ஷ் தந்த புதிய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணையே இட வேண்டும்.

கணவருக்குப் பின் மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியத்தில் பெயர்தான் தொல்லை. ஆதாரும் படை ஆவணமும் ஒரு தலைப்பெழுத்தில் வேறுபட்டாலும் போதும், அலைச்சல்தான். கணவர் இருக்கும்போதே படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திக்கொள்வது எளிது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாமே!

- முன்னாள் ராணுவ எழுத்தர், வேலூர்